முதியோருக்கு ஏற்ற ஊர்: உள்ளாட்சி உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்

நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பேரூராட்சி கவுன்சிலர்: முதியோருக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதியோர் பூங்கா அமைக்கலாமா சார்?

அமைக்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக எடுக்காதீர்கள். பூங்கா வரை நடந்து வர முடிந்தவர்களுக்குத்தான் அது பயன்படும். முதலில் வார்டில் நாலைந்து வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடை வரை நடந்து பாருங்கள். எங்கே சுவரைப் பிடிக்கிறார்கள், எங்கே ரோட்டில் இறங்குகிறார்கள், எங்கே உட்கார இடம் தேடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் திட்ட அறிக்கை.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட முதியோர் நகர வழிகாட்டியும் 33 நகரங்களில் முதியவர்களிடம் கேட்டு எழுதியதுதான். தில்லியும் உதய்ப்பூரும் அதில் உண்டு. வீட்டுவசதி, சுகாதாரம் என்று எட்டுத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். எட்டையும் ஒரு பேரூராட்சி தலையில் கட்ட முடியாது. தெரு, விளக்கு, கழிப்பறை உங்கள் கையில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

நகராட்சி கவுன்சிலர்: நடைபாதை போட்டுக் கொடுத்தும் பெரியவர்கள் ரோட்டில்தான் நடக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் மேல் தப்பில்லை. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடைபாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நம் ஊரில் ஒரு அடி உயரத்துக்குக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக் கேட்டுக்கும் வெட்டி இறக்கியிருப்பார்கள். நூறு மீட்டருக்குள் பத்து தடவை ஏறி இறங்க வேண்டும் என்றால் மூட்டுவலிக்காரர் எப்படி நடப்பார்? நடைபாதையை ஒரே மட்டத்தில் விடுங்கள், வண்டிதான் ஏறி இறங்கட்டும். முனையில் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்கட்டும். அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒப்பந்ததாரர் அரை மீட்டரில் செங்குத்தாக முடித்துவிடுவார், போய் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அப்புறம் ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். வீட்டு வாசலில் இரண்டு படி இறங்கி ஏறும் பாட்டிக்கு இதைவிடப் பெரிய முதியோர் திட்டம் கிடையாது.

ஊராட்சித் தலைவர்: தனி நிதி இல்லையே?

வேண்டாம். எப்படியும் தெருவிளக்குப் போடுவீர்கள், வடிகாலுக்கு மூடி போடுவீர்கள். எந்தத் தெருவுக்கு முதலில் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

மாநகராட்சி உறுப்பினர்: சிக்னலில் கடப்பதற்குள் பச்சை போய்விடுகிறது என்கிறார்கள்.

சிங்கப்பூரில் 2009 முதல் முதியோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், கடக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி கூடுதலாகக் கிடைக்கிறது. இங்கே சிக்னல் போலீஸ் கையில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். அதுவரை அகலமான சாலையின் நடுவில் நின்றுபோக ஒரு மேடை கேளுங்கள். இரண்டு தவணையாகக் கடக்கலாம்.

மகளிர் குழுத் தலைவி: பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை இருந்தும் பூட்டியே கிடக்கிறது.

சாவி யாரிடம் என்று கதவிலேயே எழுதச் சொல்லுங்கள். கழிப்பறை இல்லையே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெளியூர் போய்வரும் அம்மாக்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழ ஒரு கம்பி, இவ்வளவுதான் தேவை.

ஊராட்சி வார்டு உறுப்பினர்: பிள்ளைகள் வெளியூரில், தனியாக இருப்பவர்கள் நிறைய. முதியோர் இல்லம் கட்டலாமா?

பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டை விட்டு வரமாட்டார்கள். தனியாக இருப்பவர்கள் பட்டியலை மகளிர் குழு மூலம் எடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் மாத்திரை கொடுக்கப் போகும் வீடுகளோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கேரளத்தில் 2008-ல் கொள்கையாகவே கொண்டுவந்து, படுத்த படுக்கையானவர்கள் வீட்டுக்கு நர்ஸ் போகும் பராமரிப்பை உள்ளாட்சிகளே நடத்துகின்றன. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, மே 1 கிராம சபையை வெயிலில் நடத்திவிட்டுப் பெரியவர்கள் வரவில்லை என்று சொல்லாதீர்கள். நிழல், நாற்காலி, நல்ல மைக் வையுங்கள். தீர்மானத்தில் "முதியோர் நலன் விவாதிக்கப்பட்டது" என்று எழுதவிடாமல், எந்தத் தெருவில், எந்த வடிகால் மூடி, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதவையுங்கள்.