பக்கத்து வீட்டுக்குக் கேட்காத ஆம்ப் எது? கேள்வி பதில்

தஞ்சாவூரிலிருந்து நாகை வரை, வீட்டில் கிட்டார் பழகுபவர்கள் ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கும்பகோணம்: எங்களுடையது வரிசை வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். 10 வாட் வாங்கலாமா, 20 வாட் வாங்கலாமா சார்? சத்தம் குறைவாக வேண்டுமென்றால் 5 வாட் டியூப் ஆம்ப் (பழைய வால்வு ரேடியோ போலக் கண்ணாடிக் குழாயில் ஓடுவது) வாங்கு என்கிறார் ஒருவர்.

வாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாட் பத்து மடங்கு ஏறினால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். 10-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி சுமார் 97 டெசிபல் வரும். வாட்டில் நூறில் ஒரு பங்கு கொடுத்தால் 77. ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 67, அதாவது எதிரில் உட்கார்ந்து பேசுகிற குரலைவிடக் கொஞ்சம் அதிகம். ராத்திரி நேரத்தில் நீங்கள் உண்மையில் செலவழிப்பது இந்த அளவுதான். டியூப் ஆம்பின் ருசி முக்கால்வாசி வால்யூமைத் திறந்த பிறகு வருவது. 5 வாட்டை முழுக்கத் திறந்தால் அதே ஸ்பீக்கரில் 104 டெசிபல். தெருவே எழுந்து வந்துவிடும்.

பார்க்க வேண்டியது வால்யூம் நாப் 0-க்கும் 2-க்கும் நடுவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை. சில மலிவு ஆம்புகளில் 0-வில் ஒன்றுமே கேட்காது, 1-ஐத் தொட்டதும் கூடம் நிறைந்துவிடும். நடுவில் நிறுத்த இடமே இருக்காது. அந்த ஆம்ப் எத்தனை வாட்டாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

இன்னொன்று, குறைந்த சத்தத்தில் நம் காது அடித்தொனியையும் கூர்மையான மேல்தொனியையும் குறைவாகவே வாங்கும். இதை 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் கடையில் சத்தமாக வைத்துச் சரிசெய்த டோன், வீட்டில் சப்பென்று இருக்கும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மிடில் நாப்பைக் கொஞ்சம் இறக்கி, பேஸையும் ட்ரெபிளையும் சற்று ஏற்றுங்கள். கடையில் கேட்கும்போதே பேசுகிற சத்தத்துக்குக் குறைத்து வைத்துக் கேளுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

சுவர் விஷயம்: செங்கல் சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பேஸ்தான். ஆம்பைப் பொதுச்சுவரில் ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ் இன்னும் உப்பும். சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி, ஸ்டூல் மேல், அடியில் ரப்பர் மேட் போட்டு, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் மேல்தொனி டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும். தரையில் வைத்தால் அது முழங்காலுக்குத்தான் கேட்கும். கேட்கவில்லையே என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள்.

மயிலாடுதுறை: சுத்தி வளைக்காம மாடல் பேர் சொல்லுங்கண்ணா.

சொல்கிறேன் தம்பி. கையடக்கம், கரன்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பாஸ் கட்டானா மினி (7 வாட், 4 அங்குல ஸ்பீக்கர்) அல்லது பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 (3 வாட், 3 அங்குலம்). இரண்டும் ஆறு பென் பேட்டரியில் ஓடும். ஸ்பார்க் மினி, ஸ்பார்க் கோ இரண்டும் சார்ஜ் போடும் வகை. குறைந்த சத்தத்திலும் முழுமையாகக் கேட்க வேண்டும், பாட்டோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்றால் யமஹாவின் டிஎச்ஆர் வரிசை. அது வீட்டுக்கென்றே வடிவமைத்தது. நாளைக்கு மேடைக்கும் அதையே தூக்கிப் போக நினைத்தால் கட்டானா 50. அதில் பவரை 0.5 வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச் இருக்கிறது. ஆனால் 12 அங்குலப் பெட்டி, இடம் அடைக்கும்.

வீட்டுக்கு மட்டும்தான் என்றால் கட்டானா மினியே என் தேர்வு. நாப்கள் கைக்குத் தெரியும்படி இருக்கும். ஃபோன் ஆப்பைத் தேடிக்கொண்டு நேரம் போகாது.

வல்லம், கல்லூரி விடுதி: புளூடூத் ஹெட்போன் ஏற்கனவே இருக்கு. அதையே ஆம்போட சேர்த்துக்கலாமா?

கூடாது. சாதாரண புளூடூத்தில் சத்தம் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதித்து வரும், சிலவற்றில் அதற்கும் மேல். படம் பார்க்க அது தெரியாது. கிட்டாரில் கம்பியைத் தட்டிய பிறகு ஸ்வரம் வந்தால் கை தாளத்தை விட்டு நழுவிவிடும். 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உறுத்தாது. ஆம்பில் உள்ள புளூடூத், ஃபோனிலிருந்து பாட்டை ஆம்புக்கு அனுப்ப மட்டும். உங்கள் காதுக்கு ஒயர் ஹெட்போன்தான்.

விடுதி என்பதால் காதை மூடும் வகை வாங்குங்கள், வெளியே கசியாது. ஆம்ப் வாங்குமுன் ஹெட்போன் ஜாக்கில் சொருகி, கெயினை (கரகரப்பைக் கூட்டும் நாப்) ஏற்றி, பல கம்பிகளைச் சேர்த்து ஒரு அடி அடித்துக் கேளுங்கள். தேனீக்கூட்டம் மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று கரகரத்தால், ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைச் செயற்கையாகச் சேர்க்கும் பகுதி அதில் இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே வெட்டிவிடும். ஹெட்போன் வெட்டாது, கரகரப்பு அப்படியே காதுக்கு வரும். ஒரு காதில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் மோனோ கன்வெர்ட்டர் பின்னைப் போட்டிருப்பீர்கள், 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் என்று கேட்டு வாங்குங்கள்.

பட்ஜெட் ரொம்பக் கம்மி என்றால் வாக்ஸ் ஆம்ப்ளக்: கிட்டார் ஜாக்கிலேயே நேராகச் சொருகும் சின்ன டப்பி, இரண்டு சிறிய பென்சில் பேட்டரி. விடுதிக்கு அது போதும்.

மன்னார்குடி: மாமா சிங்கப்பூரில் இருந்து ஒரு ஆம்ப் கொண்டு வருகிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனும் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். எது நல்லது?

சிங்கப்பூர் மின்சாரமும் நம்முடையதும் ஒன்றே: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறுவது பிளக் மட்டும். ஆம்பின் பின்னால் கழற்றக்கூடிய பவர் கார்டு இருந்தால், நம்மூர் கம்ப்யூட்டர் கடையில் மூன்று பின் பவர் கார்டு வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது. பல நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் மலிவான அடாப்டர்களில் எர்த் தொடர்பே இருக்காது, அது வேண்டாம்.

அமெரிக்க ஆம்பின் பின்புறத்தில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நேராகச் சொருகவே கூடாது. ஃபியூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப் இழுக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்காவது தாங்குவதாக. தனி அடாப்டரில் ஓடும் ஆம்பாக இருந்து, அந்த அடாப்டரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. அடாப்டர் தொலைந்து இங்கே வாங்கும்போது வோல்ட் மட்டும் பார்க்காதீர்கள். எஃபெக்ட் பெடல்களும் சில குட்டி ஆம்புகளும் நடுமுனை நெகட்டிவ் கேட்கும். கடையில் கிடைக்கும் பொது அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் போர்டு போய்விடும். லேபிளில் உள்ள வட்டக்குறியை ஆம்பில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் மாமாவுக்கு ஓட்டு.

திருவாரூர்: வாசிக்காதபோது ஆம்ப் 'உம்' என்று இரைகிறது. ராத்திரி அமைதியில் அதுதான் பெரிதாகக் கேட்கிறது. ஆம்பை மாற்றவா?

அவசரப்படாதீர்கள். முதலில் கேபிளை ஆம்பிலிருந்து உருவுங்கள். அப்போதும் அதே இரைச்சல் என்றால் கோளாறு ஆம்பில் அல்லது வீட்டு மின்சாரத்தில். நின்றுவிட்டால் கிட்டார், கேபிள், அறை.

மறுபடி சொருகி, கிட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் உங்களுடையது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட பகுதி). பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், சோக் வைத்த டியூப் லைட், இன்வெர்ட்டர் இவற்றின் 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தை அது வாங்குகிறது. ஆம்பை மாற்றினாலும் போகாது. இன்வெர்ட்டருக்கும் கிட்டாருக்கும் நடுவே ஆறேழு அடி விடுங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது இயல்பு. கூடுகிறதா? கிட்டாருக்குள் எர்த் ஒயர் விட்டிருக்கிறது, அல்லது வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இல்லை. டெல்டாவில் பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 என்றால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. கம்பி, அதைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. உள்ளே ஒரு கசிவு வந்தால் அது நேராக உங்கள் கையில்தான் இறங்கும்.

'உம்' அல்லாமல் 'ஜ்ஜ்ஜ்' என்று முறுகலாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். வழவழவென்று சுழலும் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வேகத்தைக் குறைக்கிறது. நடு வேகத்தில் இரைச்சல் அதிகம், முழு வேகத்தில் குறையும். 'டக் டக்' என்று ஐந்து இடத்தில் நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மாற்ற ஆகும் செலவு புது ஆம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கரன்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அந்த நேரத்துக்குப் பேட்டரி ஆம்ப்தான் வழி.

திருவையாறு: எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் பழகுகிறேன். சத்தத்தைக் குறைத்தால் கமகத்தின் வால் காணாமல் போகிறது.

கம்பியை இழுக்க இழுக்க ஒலி தேயும். குறைந்த சத்தத்தில் அந்தத் தேய்மானம் ஃபேன் சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது. கெயினை ஏற்றினால் நீளும், ஆனால் கரகரப்பு வந்து ஸ்வரத்தின் சுத்தம் கெடும். கம்ப்ரஸர் உள்ள ஆம்ப் அல்லது பெடல் வாங்குங்கள். அது மீட்டின அடியைச் சற்று அமுக்கி, பின்னால் வரும் வாலைத் தூக்கும். அதில் உள்ள சஸ்டெயின் நாப் பாதிக்கு மேல் போனால் விரல் உரசுவதும் தூக்கிவிடும், அங்கேயே நிறுத்துங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப், கிளீன் சேனல், ரிவெர்ப் மிகக் கொஞ்சம்.

சுருதிக்கு ஃபோனை ஆம்பின் ஆக்ஸ் ஜாக்கில் (வெளியிலிருந்து பாட்டு கொடுக்கும் ஓட்டை) கொடுக்கலாம். ஃபோன் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள்.

வேளாங்கண்ணி: கோயில் பாடகர் குழுவில் அகூஸ்டிக் வாசிக்கிறேன். வீட்டில் அமைதியாகப் பழக எந்த ஆம்ப்?

அகூஸ்டிக்கின் சத்தத்தை எந்த ஆம்பும் குறைக்காது. ஒலித்துளையை அடைக்கும் ரப்பர் மூடி போடுங்கள், பிரிட்ஜ் அருகே கம்பிக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு சொருகுங்கள், மெலிதான பிக்கில் வாசியுங்கள். பிக்கப் உள்ள கிட்டார் என்றால் அகூஸ்டிக் ப்ரீஆம்பில் ஹெட்போன் போடலாம். சாதாரண எலக்ட்ரிக் ஆம்பில் போட்டால் போர்வைக்குள் இருந்து வருவது போல் கேட்கும். அதில் மேல்தொனிக்கான சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) கிடையாது.

பாபநாசம்: ஹோம் தியேட்டரிலேயே சொருகிப் பார்த்தேன். சன்னமா, மங்கலா வருது. ஸ்பீக்கர் போயிருமா?

குறைந்த சத்தத்தில் போகாது. மங்கலுக்குக் காரணம் வேறு. பிக்கப் எதிர்பார்ப்பது 1 மெகா ஓம் அளவு மின்தடை உள்ள உள்வழி. ஹோம் தியேட்டர் ஜாக்கில் இருப்பது சில பத்து கிலோ ஓம். மேல்தொனி அங்கேயே அமுங்கிவிடும். நடுவில் ஒரு மல்டி எஃபெக்ட் பெடல் வைத்து, அதன் வெளிவழியை ஆக்ஸில் கொடுங்கள். இரண்டு குறையும் போகும். அந்தப் பெடலிலேயே ஹெட்போன் ஜாக்கும் இருப்பதால், பலருக்கு அதற்குப் பிறகு ஆம்ப் வாங்கும் ஆசையே போய்விடுகிறது.

நாகப்பட்டினம்: வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. வால்யூமைத் திருப்பினா 'கரக் கரக்'னு வருது.

உப்புக்காற்று. நாப்புக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் தடத்தில் படலம் பிடித்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, நாப்பை இழுத்தெடுத்து, தண்டின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு. பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபது முப்பது முறை திருப்பிவிட்டு, கால் மணி நேரம் காயவிடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தூசியைச் சேர்க்கும். டியூப் ஆம்பை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆம்பை ஜன்னலோரம் வைக்காதீர்கள். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். வாசிக்காத வாரங்களில் பேட்டரியைக் கழற்றுங்கள். கசிந்தால் பச்சை பூத்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

தஞ்சாவூர்: பழைய டியூப் ஆம்ப் ஒன்று மலிவாக வருகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்கலாமா?

டியூப் ஆம்பை ஸ்பீக்கர் சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். அதற்கு மாற்று வாங்குவது ஆம்ப் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். சுமை தரும் லோடு பாக்ஸ் தனிச் செலவு. வீட்டுப் பயிற்சிக்கு என்றால் அதை விட்டுவிடுங்கள், மலிவாக இருந்தாலும்.

சீர்காழி: கிட்டார் ஆம்பிலேயே பேஸ் கிட்டார் பழகலாமா?

மெதுவாக என்றால் பழகலாம். தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 6 அங்குல ஸ்பீக்கரில் அது முழுதாக வராது. வரவில்லையே என்று ஏற்றினால் ஸ்பீக்கரின் கூம்பு அடித்துக் கிழியும். ஹெட்போனில் கேளுங்கள், அதே ஆம்பில் அடித்தொனி இன்னும் நன்றாகக் கேட்கும்.