வெல்டிங் தேறவில்லை என்றால் பிரித்துவிடத்தான் வேண்டுமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயிலுக்கு அன்னதானக் கூடம் கட்டுகிறோம். இரும்புச் சட்டங்கள் நிறுத்தியாகிவிட்டன, கூரைத் தகடு இன்னும் ஏறவில்லை. ஏடபிள்யூஎஸ் டி1.1 என்ற அமெரிக்க வெல்டிங் விதிப்படி சோதித்தவர் மூன்று குறை எழுதியிருக்கிறார்: மூட்டுகளில் 6 மி.மீ. வெல்டு கேட்டதற்கு முழு நீளமும் 5 மி.மீ.தான், சில இடங்களில் 1.5 மி.மீ. அண்டர்கட் (வெல்டின் ஓரத்தில் இரும்பு உருகி விழுந்த பள்ளம்), ஒரு தூணின் அடித்தகட்டு வெல்டில் விரிசல். எல்லாவற்றின் மேலும் இன்னொரு வரி ஓட்டிவிடலாம் என்கிறார் காண்டிராக்டர். பிரித்துவிடச் சொல்கிறார்கள் கமிட்டியில் சிலர். என்ன செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா. விதியின் வரம்புகள் பெரும்பாலும் வேலைத்தரத்துக்கான அளவுகோல். அதைத் தாண்டிய வெல்டு உடைந்தே போகும் என்று அர்த்தமில்லை. தக்க கணக்கும் ஆவணமும் இருந்தால் பொறியாளர் வேறு வரம்பை ஏற்கலாம் என்று அந்த விதியே இடம் தருகிறது.

ஆனால் விரிசலுக்கு அந்தப் பேச்சே இல்லை. எவ்வளவு சின்னதானாலும் எடுத்தாக வேண்டும். மேலே வெல்டு ஓட்டினால் அது உள்ளே மறைந்து கிடக்கும், அவ்வளவுதான். கிரைண்டர் வைத்து, விரிசலின் இரு முனைக்கும் அப்பால் 50 மி.மீ. வரை எடுத்து, காந்தத்தூள் சோதனையில் (காந்தமும் இரும்புத்தூளும் வைத்து விரிசலைக் காட்டும் சோதனை) சுத்தம் என்று தெரிந்த பிறகே மறுபடி வெல்டு செய்ய வேண்டும். ஏன் விரிந்தது என்றும் கேளுங்கள். 7018 என்ற வெல்டிங் குச்சியைச் சூட்டடுப்பில் வைக்காமல் டர்பனின் ஈரக்காற்றில் திறந்து போட்டிருந்தால், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜனால் வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரியும். அப்படியானால் அதே வெல்டர் செய்த மற்ற அடித்தகடுகளையும் சோதித்தே ஆக வேண்டும்.

அளவுக் குறைக்குக் கணக்கு போதும். எஸ்ஏஎன்எஸ் 10162-1 என்ற தென்னாப்பிரிக்க இரும்புக் கட்டமைப்பு விதியின் முறையில், 480 மெகாபாஸ்கல் வலுவுள்ள குச்சிக்கு 6 மி.மீ. வெல்டு ஒரு மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.91 கிலோநியூட்டன் தாங்கும், 5 மி.மீ. என்றால் 0.76. அந்த மூட்டில் வரும் விசை, காற்றையும் சேர்த்து, 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதைத் தொடவே வேண்டாம். 0.8 வந்தால் அங்கே மட்டும் இன்னொரு வரி ஓட்டலாம்.

அண்டர்கட்டுக்கு, 25 மி.மீ.க்கும் குறைந்த தகட்டில் வரம்பு 1 மி.மீ.; 300 மி.மீ. நீளத்தில் மொத்தம் 50 மி.மீ. வரை மட்டும் 2 மி.மீ. பொறுக்கலாம். விசை பள்ளத்தை ஒட்டியே ஓடுகிறதா, குறுக்கே கடக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே என்றால்தான் கவலை. கடற்காற்றில் அந்தப் பள்ளத்தில் துருவும் சீக்கிரம் பிடிக்கும், பெயின்ட்டுக்கு முன் நிரப்பிவிடுவது நல்லது.

தேவையில்லாமல் வெல்டு ஏற்றினால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். பாரம் தாங்கி நிற்கும் இரும்பு சூடானால் வலுவும் குறையும்.

எதை ஏற்பது, எதைச் சரிசெய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்; சோதித்தவரும் அல்ல, காண்டிராக்டரும் அல்ல. மூட்டு மூட்டாக, எழுத்தில் வாங்குங்கள். கூரைத் தகடு ஏறுமுன் முடித்துவிடுங்கள். இப்போது சட்டங்கள் தம் எடையை மட்டுமே சுமக்கின்றன, சாரம் போட்டால் எந்த மூட்டும் கைக்கு எட்டும்.