கேட்டு எழுதுகிறீர்கள்: பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு பேண்ட் இசைக்குழுவில் இடம் உண்டா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது; வீட்டிலேயே படிக்கிறாள். மூன்று வருடமாகக் கிளாரினெட் வாசிக்கிறாள். இளையோர் பேண்டில் சேர்ப்பார்களா?

பதில்: பள்ளி நடத்தும் பேண்ட் என்றால் அந்தப் பள்ளியின் விதிதான். மற்றவற்றில் பெரும்பாலும் வயதையும் வாசிப்பையும்தான் பார்ப்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனியாகப் பழகிய பிள்ளை தப்பினால் நின்று, முதலிலிருந்து தொடங்கும். பேண்ட் நிற்காது. (என் முதல் ஒத்திகையில் 12 பார், அதாவது 12 தாளச் சுற்று, மௌனத்தை விரல்விட்டு எண்ணி, 11-இலேயே ஊதிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்!) தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு, தப்பினாலும் அடுத்த பாரில் ஏறிக்கொள்ளப் பழக்குங்கள். அப்புறம், பேண்ட் மாஸ்டர் சுருதி சேர்க்க 'பி ஃபிளாட்' என்ற சுரத்தைக் கேட்டால், வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டில் அவள் 'சி' வாசிக்க வேண்டும்; அந்தக் கருவியில் 'சி' வாசித்தால் பி ஃபிளாட்டாகத்தான் ஒலிக்கும்.