ஃப்ரேம்பஃபரில் நேரடியாக வரைவது: கேள்வி பதில்

கே: அண்ணா, ராஸ்பெர்ரி பையில் எஃப்பி0-வை (திரையில் தெரியும் பிக்சல்களை வைத்திருக்கும் நினைவகமான ஃப்ரேம்பஃபருக்கு லினக்ஸ் தரும் சாதனக் கோப்பு) எம்மேப் செய்து, அதாவது என் நிரலின் நினைவகம்போல் இணைத்து, ஒரு சதுரம் வரைந்தேன், சாய்ந்து போய் வருகிறது. திரை 1366×768, பிக்சலுக்கு 16 பிட்.

ப: அடுத்த வரிக்குப் போக 1366-ஐ 2-ஆல் பெருக்கி 2732 பைட் தாண்டியிருப்பீர்கள். ஆனால் டிரைவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கொஞ்சம் காலி இடம் விட்டு 2752 என்று வைத்திருக்கலாம், அப்படியென்றால் வரிக்கு 20 பைட், அதாவது 10 பிக்சல் இடப்பக்கம் நழுவும். ஐஆக்டில் (டிரைவரிடம் விவரம் கேட்கும் அழைப்பு) மூலம் கேட்டு, அது தரும் லைன் லெங்த்தை, அதாவது ஒரு வரியின் பைட் நீளத்தை மட்டும் நம்புங்கள். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்கிற பிழை இதுதான்.

கே: சிவப்பு எழுதினால் நீலம் தெரிகிறது?

ப: நிறங்களின் வரிசையையும் ஊகிக்க வேண்டாம். இன்னொரு ஐஆக்டில் தரும் வேரியபிள் ஸ்கிரீன் இன்ஃபோவில் மூன்று நிறத்துக்கும் ஆஃப்செட் (பிக்சலுக்குள் அந்த நிறம் தொடங்கும் பிட்) தனித்தனியாக இருக்கிறது, அதைப் படித்து அதன்படி ஷிஃப்ட் செய்யுங்கள்.

கே: பழைய ஓஎஸ்ஸில் இரண்டு பஃபர் வைத்து பேன் டிஸ்ப்ளே செய்தேன், அதாவது ஒன்றைக் காட்டும்போது மற்றதில் வரைந்து மாற்றினேன். புதியதில் எரர் வருகிறது.

ப: இப்போது எஃப்பி0 பெரும்பாலும் டிஆர்எம்-க்கு (லினக்ஸ் கர்னலின் இன்றைய கிராஃபிக்ஸ் அமைப்பு) மேல் போர்த்திய ஒரு போலி முகம்தான், இயல்பாக ஒரு திரைக்கான நினைவகம் மட்டுமே ஒதுக்கும். கர்னல் அளவுருவில் ஓவர்அலாக்கை (எத்தனை சதவீத நினைவகம் ஒதுக்குவது என்பது) 200 ஆக்கினால் இரண்டாவது பக்கம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் நேராக டிஆர்எம்-க்கே போய்விடுங்கள்: இரண்டு டம்ப் (dumb) பஃபர், அதாவது சிபியு நேரடியாக வரையும் எளிய பஃபர், அவற்றை மாற்றிக் காட்ட பேஜ் ஃபிளிப், அவ்வளவுதான். தொடக்கத்தில் இருநூறு வரி கூடுதலாக எழுத நேர்ந்தாலும், படம் கிழியாமல் வருவதைப் பார்த்த பிறகு திரும்பிப் போக மனம் வராது.

கே: ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரில் 320×240 எஸ்பிஐ திரை (தரவு ஒவ்வொரு பிட்டாகக் கம்பியில் போகும்), பிக்சலுக்கு 16 பிட். நிரலை மேம்படுத்தியும் நொடிக்கு 60 ஃப்ரேம் வரவில்லை.

ப: நிரலில் குறை இல்லை, கம்பியின் வேகம் அவ்வளவுதான். ஒரு முழுப்படம் 1,53,600 பைட், அதாவது 12,28,800 பிட். 40 மெகாஹெர்ட்ஸில் அனுப்பவே சுமார் 31 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் நொடிக்கு 32 படத்துக்கு மேல் எப்படியும் போகாது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புங்கள்: 60×60 கட்டம் ஒன்றரை மில்லிசெகண்டில் போய்விடும். அப்புறம், ஒரு துண்டை டிஎம்ஏ (சிபியு உதவியின்றித் தரவை நகர்த்தும் வன்பொருள்) அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டை வரைந்து வையுங்கள்.

கே: என் படத்தின் மேல் கர்சர் மினுக்குகிறது.

ப: டிடிஒய்-ஐ (கர்சரைக் காட்டும் லினக்ஸ் டெக்ஸ்ட் கன்சோல்) கிராஃபிக்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். வெளியேறும்போது, கன்ட்ரோல் சி அழுத்தினாலும்கூட, டெக்ஸ்ட் மோடுக்குத் திருப்ப மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கன்சோல் உறைந்ததுபோல் நிற்கும்.