நடுகல்லை எடுப்பதற்கு முன்

வணக்கம். ஊர் எல்லையில் இருக்கும் நடுகல்லை, அதாவது ஊர் மாடுகளைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லை, சாலைக்காக எடுக்கப் போவதாகவும், "மாட்டுக்காகச் செத்தவனுக்கு எதற்குக் கல்?" என்று இளைஞர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் எடுத்தனூர் கல்லைப் பற்றிச் சொல்லுங்கள். திருவண்ணாமலைப் பக்கம் கிடைத்தது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஒரு நாய்க்கு!

அன்றைக்கு மாடுதான் சொத்து, பால், உழவு எல்லாமே. கல் நடப்படுவதற்கு ஒருவன் அரசனாக இருக்க வேண்டியதில்லை. ஊருக்காக நின்றவரை ஊர் மறக்காது என்று தெரிந்தால்தான் அடுத்தவன் துணிந்து இறங்குவான். வீரர்கள் ஒரு சமூகத்துக்குத் தேவைப்படுவது இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கல்லில் சுண்ணாம்பு, பெயின்ட், ஆசிட் எதுவும் படக் கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது தெரியும். அப்புறம் வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலைத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், ஊருக்குள்ளேயே இடம் கேளுங்கள். ஜேசிபி வருவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும்.