அவுட்டர் வைல்ட்ஸ்: ஒரு மணி நேரம் ஆடியும் பிடிபடவில்லை, தொடரலாமா?

தொடருங்கள். 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற விண்வெளி வீடியோ விளையாட்டை நண்பர் புகழ்ந்தார் என்று வாங்கினீர்கள். ஒரு மணி நேரம் சுற்றியும் எங்கே போவது, எதற்காகப் போவது என்று விளங்கவில்லை. செத்தால் மறுபடி அதே நெருப்புக்குப் பக்கத்தில் கண்விழிக்கிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் அந்த முதல் மணி நேரம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளையாட்டு சொல்லும் எனக் காத்திருந்தால் வீண். கடைசி வரை அது வாயைத் திறக்காது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இது வெளிவந்த அதே 2019-இல் 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்று இன்னொரு விண்வெளி விளையாட்டும் வந்தது. அது துப்பாக்கியும் சண்டையும் உள்ளது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் பேசுவது மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனத்தின் 'அவுட்டர் வைல்ட்ஸ்' பற்றி. அலெக்ஸ் பீச்சம் என்பவர் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது செய்த திட்டப்பணியாகத் தொடங்கி, முழு வடிவம் பெறுவதற்கு முன்பே 2015-இல் சுயாதீன விளையாட்டுப் படைப்பாளிகளுக்கான விழாவில் பெரும் பரிசை வாங்கியது. வெளிவந்த மறு ஆண்டு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் கலை அமைப்பின் சிறந்த விளையாட்டு விருதும் கிடைத்தது. விருது வாங்கியதெல்லாம் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெருநிறுவனத்தின் விளம்பர இரைச்சலால் எழுந்த பெயரல்ல இது என்பதற்காகச் சொன்னேன்.

இதற்குள் நீங்களே பார்த்திருப்பீர்கள்: சூரியன் 22 நிமிடத்தில் வெடிக்கிறது, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இடையில் வேறு எப்படிச் செத்தாலும் அதே கதிதான். அடுத்த சுற்றுக்கு நீங்கள் கொண்டுபோவது உங்களுக்குத் தெரிந்ததை மட்டும். புதிய ஆயுதம், கூடுதல் சக்தி, பணம், மதிப்பெண், நிலை உயர்வு என்று எதுவும் கிடையாது. கையில் இருக்கும் விண்கலமும் கருவிகளும் தொடக்கத்தில் எப்படியோ முடிவிலும் அப்படியே. பூட்டியிருப்பதாகத் தோன்றும் இடங்களுக்கெல்லாம் சாவி தகவல்தான். விடை முழுதும் தெரிந்தவர் ஒரே சுற்றில் ஆட்டத்தை முடித்துவிட முடியும். பெரும்பாலோருக்கு 15 முதல் 25 மணி நேரம் ஆகிறது என்றால், அந்த நேரம் அனைத்தும் தெரிந்துகொள்வதற்கே செலவாகிறது. விடை தெரிந்த விடுகதையை மறுபடி போட முடியாதல்லவா? இதுவும் அப்படி, வாழ்நாளில் ஒருமுறைதான். அதனால்தான் இதன் ரசிகர்கள் வாயைத் திறக்காமல் 'சும்மா விளையாடிப் பார்' என்று மட்டும் சொல்லி எரிச்சலூட்டுகிறார்கள். உங்கள் நண்பரும் அந்த ரகம் போலிருக்கிறது.

நான் ஒரே ஓர் இடத்தைக் கொஞ்சம் காட்டுகிறேன். மர்மத்தின் முடிச்சு எதுவும் இதில் அவிழாது. பிரிட்டில் ஹாலோ என்ற கிரகம் உள்ளே வெற்றுக்கூடு. மையத்தில் கருந்துளை. அதைச் சுற்றிவரும் எரிமலைத் துணைக்கோள் தீப்பாறைகளை வீசிக்கொண்டே இருக்க, கிரகத்தின் மேலோடு துண்டு துண்டாகப் பெயர்ந்து உள்ளே விழுகிறது. முதல் சில நிமிடங்களில் நீங்கள் நடந்துபோன தரை, பதினைந்தாவது நிமிடத்தில் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டின் அடிப்பக்கத்தில், தலைகீழாகத் தொங்கும் ஒரு பழைய நகரம். அங்கே போகும் வழியில் கால் இடறினால் கீழே கறுப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே வரும். செத்தோம் என்று நினைப்போம். சாக மாட்டோம். சூரிய மண்டலத்தின் வெளி விளிம்பில் ஒரு வெண்துளை நம்மைத் துப்பிவிடும். சுற்றிலும் அதே கிரகத்திலிருந்து பெயர்ந்து விழுந்த பாறைகள் மிதக்கும். எங்கே வந்திருக்கிறோம், ஏன் இந்தப் பாறைகள் இங்கே இருக்கின்றன, திரும்பிப் போக வழி உண்டா என்று மூன்று கேள்விகள் ஒரே நேரத்தில் எழும். யாரும் பணிப்பட்டியல் நீட்டவில்லை. ஆனாலும் அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு வேலை வந்துவிட்டது.

கதை சொல்லும் விதமும் இப்படித்தான். நோமாய் என்ற இனம் எப்போதோ அழிந்துபோய்விட்டது. அவர்கள் சுவர்களில் சுருள் சுருளாக எழுதிவைத்தவற்றை மொழிபெயர்ப்புக் கருவியால் படிக்கிறோம். ஒருவர் எழுதிய சுருளிலிருந்து இன்னொருவரின் பதில் கிளை பிரியும், அதிலிருந்து மற்றொருவரின் கேலி. பெரிய பெரிய வரலாற்று அறிவிப்புகள் கிடையாது; வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது, சந்தேகப்பட்டது, ஒருவரையொருவர் கிண்டலடித்தது. ஒரு குகையில் குழந்தைகள் ஆடிய விளையாட்டின் விதிகள் எழுதப்பட்டிருக்கும். படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் வேறொரு கிரகத்தில் உயிர் பிழைக்கும் வழி அந்த விதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எந்தக் கிரகம் என்று சொல்ல மாட்டேன். அது உறைக்கும் கணத்துக்காகவே இந்த விளையாட்டை வாங்கலாம் என்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கலத்தை ஓட்டுவது முதலில் பெரும்பாடு. விண்வெளியில் உராய்வு கிடையாது என்பதை இவர்கள் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்கள். முடுக்கிய வேகம் தானாகக் குறையாது, எதிர்ப்பக்கம் உந்தித்தான் நிறுத்த வேண்டும். நீங்கள் போகும் கிரகமும் நிற்காமல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் கிரகத்தின் வேகத்தோடு சமப்படுத்த ஒரு பொத்தான் உண்டு; அதைப் பழகிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். தானியங்கி ஓட்டமும் இருக்கிறது, ஆனால் அதற்குக் கண் கிடையாது. இலக்குக்கு நேர்கோடு போடும். நடுவில் சூரியன் இருந்தால் சூரியனுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் எடுக்கப் போகாதீர்கள்.

காத்திருப்பும் சிலருக்குச் சலிப்பூட்டும். இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் தூண் போல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்றின் குகைகள் நிரம்பி மூட, மற்றொன்றில் புதைந்திருந்த கட்டடங்கள் மெல்ல வெளியே வரும். சில இடங்களுக்குச் சுற்றின் தொடக்கத்திலேயே ஓட வேண்டும், சிலவற்றுக்குப் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். நடுவில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. யோசனையாக இது அற்புதம். ஒரே இடத்துக்கு நான்காவது முறை போகும்போது அலுக்கத்தான் செய்கிறது. முகாம் நெருப்பருகே தூங்கி நேரத்தைத் தள்ளும் வசதி இருப்பது கொஞ்சம் ஆறுதல். ஆழ்கடல், இருட்டு, திடீரென்று ஏதோ பாய்ந்து வருவது ஆகியவற்றுக்கு அஞ்சுகிறவர்கள் ஓரிரு இடங்களில் நிஜமாகவே வியர்த்துப்போவார்கள்.

தமிழில் இந்த விளையாட்டு இல்லை. குரல் உரையாடலும் இல்லாததால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். வாக்கியங்கள் சிறியவை, எளியவைதான். ஆனால் படிக்கச் சோம்பல்படுகிறவருக்கு இதில் ஒன்றுமே மிஞ்சாது. வேலை முடிந்து களைத்துப்போய் மூளைக்கு ஓய்வு கொடுக்க ஏதாவது தேடுகிறவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து நாள் இடைவெளி விட்டு வந்தால் நூல் அறுந்துபோகும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ தொடர்ந்து உட்கார முடியும் என்றால் தொடங்குங்கள்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியிருந்தால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவருக்குப் பணம் திருப்பித் தருவார்கள். ஆக உங்கள் கையில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதை வீணாக்காமல் இப்படிச் செய்யுங்கள். கலத்துக்குள் பின்பக்கம் இருக்கும் கணினியைத் திறந்து பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்தவை எல்லாம் கோடுகளால் இணைத்து அதில் குறிக்கப்பட்டிருக்கும், செத்தாலும் அழியாது. ஓர் இடத்தில் பார்க்க வேண்டியது மீதமிருந்தால் அதையும் அதுவே காட்டிவிடும். குறிப்பேடு வேண்டியதில்லை. பிறகு தொலைதூர ஒலிகளைப் பிடிக்கும் ஒலிமானியை எடுத்து வானத்தை நோக்கித் திருப்புங்கள். வெவ்வேறு கிரகங்களில் இறங்கியிருக்கும் பயணிகள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை இசைத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒருவர் பேஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் முரசு. தூரத்தில் நின்று எல்லோரையும் ஒரே திசையில் பிடித்தால், தனித்தனியாகக் கேட்டவை சேர்ந்து ஒரே பாட்டாகும். ஆண்ட்ரூ பிரால்லோவின் இசை இது. அதைக் கேட்டபோது பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தேன். அந்தச் சத்தங்களில் எது உங்களை இழுக்கிறதோ அந்தக் கிரகத்துக்குப் போங்கள், அங்கே இருப்பவரோடு பேசுங்கள், கிடைக்கிற சுவர் எழுத்துகளைப் படியுங்கள். அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் 'அது ஏன் அப்படி இருக்கிறது?' என்று ஒரு கேள்வியாவது உங்களை உறுத்தினால் வைத்துக்கொள்ளுங்கள். உறுத்தவே இல்லையென்றால் யோசிக்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இருபதாவது மணி நேரத்திலும் இந்த விளையாட்டு வேறு மாதிரி ஆகிவிடப்போவதில்லை.

வைத்துக்கொண்டால் யூடியூப் பக்கம் போகாதீர்கள். எங்காவது முற்றிலும் மாட்டிக்கொண்டால், முடித்த ஒருவரிடம் 'இந்தக் கிரகத்தில் இதுவரை பார்த்தேன், எதையாவது விட்டுவிட்டேனா?' என்று மட்டும் கேளுங்கள். இங்கே கருத்துப் பகுதியில் கேட்டாலும் ஆமாம், இல்லை என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

2021-இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் தி ஐ' என்ற கூடுதல் பகுதியைத் தள்ளுபடியில் சேர்த்து வாங்கியிருந்தாலும், மூலக்கதையை முடிக்கும்வரை தொடாதீர்கள். அது இதைவிட இருட்டானது, பயமுறுத்துவதும் கூட. அமைப்புகளில் பயத்தைக் குறைக்கும் தெரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினேன்.