முதல் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை: கற்றல் குறைபாடா?

மொரிஷியஸில் முதல் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமான மகன், வீட்டில் ஓயாமல் பேசுகிறான், பள்ளியில் பேசுவதே இல்லை, இது குறைபாடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டாதீர்கள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த, மொரிஷியஸ் மக்களின் பேச்சுமொழி), பாடநூலில் ஆங்கிலம், கூடவே பிரெஞ்சு, தமிழ் வகுப்பில் தமிழ். பிஞ்சு வயதுக்கு இது பெரிய சுமை. புதிய மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் பலர் சில வாரங்கள், சில மாதங்கள்கூட வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ரோஸ்ஹில் நகரில் நான் கற்பித்த ஒரு சிறுமி ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னால் தலைகுனிந்துவிடுவாள். ஒருநாள் மேசையில் லிச்சிக் கொட்டைகளைப் பரப்பி, கிரியோலில் எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாக விரலால் தள்ளி, கடைசியில் மெல்ல 'சிஸ்' என்றாள். ஆறு என்பது அவளுக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்தான் வரவில்லை. தனியே முடியாததைப் பெரியவர் துணையோடு பிள்ளை செய்துவிடும், கற்பித்தல் அந்த இடத்தில் நிகழ வேண்டும் என்றார் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி. 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடமாகவே இருக்கிறது. அதில் பதில் சொல்ல அனுமதிக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கூப்பிட்டால் திரும்பாவிட்டால் காதைப் பரிசோதியுங்கள். விளையாட்டிலும் ஒதுங்கி, மௌனம் பல மாதங்கள் நீண்டால் குழந்தை உளவியலாளரைப் பாருங்கள்.